பிரம்பைக் கீழே வைத்தாயிற்று, இனி கையில் என்ன?

வகுப்பறைச் சேட்டைகளைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரே ஒரு வரிதான் எழுதினேன், இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஆசிரியர்கள். பெயர் போட வேண்டாம் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை. கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் 31 வருடம் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு, இப்போது புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் பெரும்பாலும் நான் தப்பு செய்து தெரிந்துகொண்டதுதான்.

கேள்வி: எட்டாம் வகுப்பு, 44 பேர். உள்ளே நுழைந்தால் சந்தைக்கடை. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. பயிற்சிக்குப் போனால் ‘பிள்ளைகளிடம் அன்பாக இருங்கள்’ என்கிறார்கள். அன்பாக இருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். ‘உட்காரு’, ‘பேசாதே’ என்று ஒரு பீரியடில் எத்தனை தடவை சொல்கிறேன் என்று எண்ணினேன், 30-ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். என்னதான் செய்வது?
- கணித ஆசிரியர், நெல்லிக்குப்பம்

சார், பயிற்சியில் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அன்பு உங்கள் மனசில் இருக்கிற விஷயம். 44 பேரும் நோட்டை எடுத்து வேலையைத் தொடங்குவது என்பது ஓர் ஏற்பாடு. ஏற்பாடு இல்லாத இடத்தில் எவ்வளவு அன்பைக் கொட்டினாலும் சத்தம்தான் மிஞ்சும்.

அந்த 30 இருக்கிறதே, அதில்தான் விஷயமே இருக்கிறது. 1968-இல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர் முதலான ஆய்வாளர்கள் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இதையேதான் எண்ணிப் பார்த்தார்கள். ஆசிரியைகள் ‘உட்காரு’ என்று அதிகமாகச் சொல்லச் சொல்ல, எழுந்து நிற்பதும் அதிகமானது. சொன்ன உடனே அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிடும், அதனால் நம் வார்த்தை வேலை செய்கிற மாதிரி நமக்குத் தோன்றும், ஆனால் நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் எழுந்ததுதான் கூடியிருக்கும். உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளையைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அது குறைந்தது. அதே வருடம் அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், விதிகளைச் சொல்லிக் கொடுத்ததால் மட்டும் வகுப்பில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. நாம் ‘அமைதி காக்கவும்’ என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோமே, அந்தக் கதைதான்.

பிள்ளைக்கு வேண்டியது டீச்சரின் பார்வை. ஒழுங்காக உட்கார்ந்திருப்பவனை 40 நிமிடம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எழுந்தவனுக்கு மட்டும் உடனே பெயர் சொல்லி ஒரு கூப்பாடு கிடைக்கிறது. லீடர் கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று பெயர் எழுதி, மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவானே, என் வகுப்பில் ஒருத்தன் எட்டுப் பெருக்கல் குறி வாங்கிவிட்டு இன்டர்வெல்லில் பக்கத்து வகுப்புக்குப் போய் ‘எட்டுடா’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் தண்டனைப் பட்டியல் என்று நினைத்ததை அவன் மதிப்பெண் பட்டியலாக வைத்திருந்தான்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்யலாம்? பிள்ளைகள் வருவதற்கு முன்னால் வாசலில் போய் நில்லுங்கள். உள்ளே வருகிறவனின் பெயரைச் சொல்லி ஒரு ‘வாடா’, அவ்வளவு போதும். கரும்பலகையில் முன்கூட்டியே இரண்டு கணக்கு எழுதியிருக்க வேண்டும், சுலபமானதாக, போன வகுப்பில் நடத்தியதிலிருந்து. வந்தவுடன் கை வைக்க வேலை இருந்தால் வாய்க்கு வேலை குறையும். நோட் அடுக்குவது, தண்ணீர் குடிக்கக் கேட்பது, சந்தேகம் வந்தால் கை தூக்குவது, இவற்றை எல்லாம் பாடம் நடத்துகிற மாதிரியே நடத்திக் காட்டி, செய்ய வைத்து, தப்பானால் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஒரு வாரம் இதற்குச் செலவழித்தால் பாடம் பின்தங்கிவிடும் என்று பயப்படுவீர்கள், ஆகஸ்டிலேயே அந்த வாரம் திரும்பக் கிடைத்துவிடும்.

அப்புறம் பாராட்டு. ‘குட்’, ‘வெரி குட்’ எல்லாம் காற்றில் போகிற வார்த்தை. ‘மூணாவது வரிசை நோட்டைத் திறந்தாச்சு’ என்று நடந்ததைச் சொல்லுங்கள், நாலாவது வரிசை தானாகத் திறக்கும். ஆனால் எட்டாம் வகுப்புப் பையனை எல்லோர் முன்னாலும் தனியாகப் புகழ்ந்துவிடாதீர்கள். மறுநாளே ‘சாரோட ஜால்ரா’ என்று பட்டம் கட்டிவிடுவார்கள், அவனும் அதைத் துடைக்கவே ஒரு சேட்டை பண்ணுவான். பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லுங்கள், இல்லை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு விளையாட்டும் இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு நாலாம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதியை மீறினால் அந்த அணிக்கு ஒரு கோடு என்று கரும்பலகையில் போட்டார்கள். கோடு குறைவாக இருக்கிற அணிக்கு வெற்றி, இரண்டு அணியுமே குறிப்பிட்ட எண்ணுக்குள் இருந்தால் இரண்டுக்குமே வெற்றி. பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை, சாப்பாட்டுக்கு முதலில் வரிசையில் நிற்கலாம், கொஞ்ச நேரம் இஷ்டப்பட்டதைச் செய்யலாம். பேச்சும் எழுந்து திரிவதும் சட்டென்று இறங்கிவிட்டது. நான் இதை நாலு வரிசைக்கு நாலு ஆற்றின் பெயர் வைத்து நடத்தினேன்: கெடிலம், பெண்ணையாறு, பரவனாறு, வெள்ளாறு. கோட்டுக்குப் பதில் புள்ளி கொடுத்தேன், தப்புக்கு இல்லை, சரியாகச் செய்ததற்கு. வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் வேப்பமரத்தடியில் விடுகதை. பெண்ணையாற்றுக்காரர்கள் ஒரு தடவை ‘எங்க ஆத்துலதான் வெள்ளம் வரும், அதனால சத்தமாத்தான் இருப்போம்’ என்று வாதாடினார்கள், அதற்கும் ஒரு புள்ளி கொடுத்தேன்.

வேண்டுமென்றே தன் அணியைக் கவிழ்க்கிறவன் ஒருத்தன் வருவான். கான்சாஸிலேயே அப்படி நடந்தது. அவனை மட்டும் தனி அணியாக்கிவிடுங்கள், கவிழ்க்க ஆள் இல்லாவிட்டால் இரண்டு நாளில் சலித்துவிடும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், வேலைக்கு வந்து இரண்டு வருடம். ஒரு பையன் முதல் பீரியட் முழுக்கத் தூங்குகிறான். எழுப்பினால் முறைக்கிறான். போன வாரம் ‘வெளியே போ’ என்றேன். ‘போக முடியாது, என்ன பண்ணுவீங்க?’ என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அழுதுவிட்டேன். அப்பாவை அழைத்து வரச் சொல் என்கிறார் எச்.எம். அவன் அப்பா படகில் போகிறவர்.
- ஆசிரியை, கடலூர் முதுநகர்

அழுததில் ஒன்றும் தப்பில்லைம்மா. ஸ்டாஃப் ரூமில் அழாத டீச்சர் யாரையும் நான் பார்த்ததில்லை, சிலர் பாத்ரூமில் போய் அழுவார்கள், அதுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் சிக்கலாகப் பின்னிக் கிடக்கிறது, பிரித்துப் பார்ப்போம். முதலில் தூக்கம். முதுநகரில் இருக்கிறீர்கள், ஒரு நாள் விடியற்காலையில் துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள். படகு கரை சேர்கிற நேரம், ஏலம் விடுகிற நேரம், ஐஸ் பெட்டி தூக்க, வலையிலிருந்து மீனை எடுக்க எத்தனை பையன்கள் நிற்கிறார்கள் என்று. நான் கடலோரப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தபோது ஒருவனை ஒரு பருவம் முழுக்க ‘தூங்குமூஞ்சி’ என்றே கூப்பிட்டேன். ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு மீன் வாங்கப் போன இடத்தில் அவன் தலையில் கூடையோடு வந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எனக்கும் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது சின்ன விஷயம்தான். வந்தவுடன் முகம் கழுவிவிட்டு, ஆபீஸிலிருந்து சாக்பீஸும் வருகைப் பதிவேடும் எடுத்துவருவது அவன் வேலை. நடந்தால் தூக்கம் கலையும். கணக்கில் கிலோ, விலை, லாபம் வருகிற இடத்தில் எல்லாம் அவனைக் கேட்டேன், ஏலத்தில் நிற்கிறவனுக்கு அது மனக்கணக்கு, வகுப்பே வாயைப் பிளந்தது. அதனால் அவன் கலெக்டர் ஆகிவிட்டான் என்று கதை விடப் போவதில்லை. பத்தாம் வகுப்பு பாஸ் செய்தான். இடையில் சில நாள் தூங்கவும் செய்தான்.

அப்பாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகு போகிற நேரமும் பள்ளி திறந்து நீங்கள் நோட்டுப் புத்தகம் கேட்கிற நேரமும் ஒன்றாகத்தான் வரும். அந்த நேரத்தில் ‘உங்க பையன் தூங்குறான்’ என்று ஆள் அனுப்பினால் வீட்டில் அவனுக்கு விழுவது அடிதான். சாயங்காலம் அம்மாவைப் போய்ப் பாருங்கள், அவன் நன்றாகச் செய்கிற ஒன்றை முதலில் சொல்லிவிட்டுத் தூக்கத்துக்கு வாருங்கள்.

இரண்டாவது, எதிர்த்துப் பேசியது. ருடால்ஃப் டிரைக்கர்ஸ் என்று ஆஸ்திரியாவில் பிறந்த ஒரு மனநல மருத்துவர் (1897-1972), ஆட்லர் என்ற உளவியல் அறிஞரிடம் கற்றவர், பிள்ளைகள் முரண்டு பிடிப்பதற்கு நாலு நோக்கம் சொன்னார். கவனம் வேண்டும், தன் கை ஓங்க வேண்டும், பழி தீர்க்க வேண்டும், அல்லது ‘என்னால் முடியாது, என்னை விட்டுவிடு’. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளையைப் பார்க்க வேண்டாம், உங்கள் மனசைப் பாருங்கள் என்றார். எரிச்சல் வந்தால் அவன் கேட்டது கவனம். ‘என்னையே எதிர்க்கிறியா’ என்று சூடேறினால் அது கை ஓங்குகிற போட்டி. மனசு புண்பட்டால் பழி. ‘இவனை ஒன்றும் செய்ய முடியாது’ என்று நீங்களே சோர்ந்துபோனால் அவனும் உள்ளே அப்படித்தான் சோர்ந்து கிடக்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாதுதான், ஆனால் கோபம் வருகிற அந்த ஒரு நொடியில் இதை நினைத்தாலே வாய் கொஞ்சம் நிற்கும், என் அனுபவத்தில் அதுவே பெரிய லாபம்.

உங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. வகுப்பே பார்க்கும்போது ‘வெளியே போ’ என்றீர்கள், அவன் போனால் அவன் மானம் போகும், போகாவிட்டால் உங்கள் மானம் போகும். அந்த வாசலை நாமே திறந்துவிடக் கூடாது. இனி அப்படி வந்தால், ‘சரி, பெல் அடிச்சதும் நாம பேசலாம்’ என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிப் பாடத்துக்குப் போய்விடுங்கள். தோற்றுவிட்டோமோ என்று உள்ளே குத்தும், குத்தட்டும். பெல் அடித்ததும் மறக்காமல் பேசிவிட வேண்டும், அதை விட்டால்தான் உண்மையில் தோல்வி. தனியாக நிற்கும்போது, ‘அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் வெளியே போன்னு சொன்னது எனக்கே பிடிக்கல. நீ பேசினதும் எனக்குப் பிடிக்கல. காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கிற?’ என்று கேளுங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குத்தான் அவன் பதில் சொல்வான். வகுப்பின் முன்னால் மன்னிப்பு கேட்கச் சொல்லாதீர்கள். தூங்கித் தவறவிட்ட பாடத்தை எழுதி முடிப்பது மட்டும் அவன் பொறுப்பு, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு. ஸ்கூலில் ஸ்டார், ஸ்மைலி, சாக்லேட் என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று தருகிறார்கள். இப்போது வீட்டில் படம் வரையச் சொன்னால்கூட ‘என்ன தருவீங்க?’ என்கிறாள். இதுதான் நல்வழிப்படுத்தும் முறையா?
- இல்லத்தரசி, லாஸ்பேட்டை

உங்கள் மகள் கெட்டிக்காரி, பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொல்லி வாங்கியவர்கள், ஒன்றிரண்டு வாரம் கழித்து இஷ்டப்பட்டதைச் செய் என்று விட்டபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆசை குறையவில்லை. பேரம்தான் ஆசையைத் தின்கிறது.

அதனால் பரிசே கூடாது என்று சொல்ல மாட்டேன். பல் தேய்க்க அழுகிற பிள்ளைக்கு, பெருக்கல் வாய்ப்பாட்டைப் பார்த்து ஓடுகிற பிள்ளைக்குக் கொஞ்ச நாள் ஸ்டார் போட்டு, பழகியதும் மெல்ல எடுத்துவிடலாம். தானாகச் செய்கிற விஷயத்துக்கு மட்டும் கூலி கொடுக்காதீர்கள். அடுத்த தடவை அவள் வரைந்ததும் ‘சூப்பர்’ என்று நகர்ந்துவிடாமல், ‘இந்த ஆட்டோவுக்கு ஏன் பச்சை கலர்?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டீச்சரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், சாக்லேட்டை மட்டும் நிறுத்தச் சொல்லலாம், அது பல்லுக்கும் கேடு.

கேள்வி: முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. எங்கள் வாத்தியார் அடித்த அடியில்தான் நாங்கள் உருப்பட்டோம். இப்போது ஆசிரியர் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, மாணவன் ஆசிரியரை மிரட்டுகிறான். இந்த நவீன முறையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.
- ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பண்ருட்டி

ஐயா, பண்ருட்டிக்காரர் முருங்கையைப் பற்றிப் பேசலாமா? உங்கள் ஊர்ப் பலாவை ஒடித்து வளர்த்துப் பாருங்கள், என்ன காய்க்கிறது என்று சொல்லுங்கள். முருங்கைக்குக் கிளை மெலிது, ஒடித்தால் தழைக்கும். எல்லா மரத்துக்கும் அதே வைத்தியம் என்று பழமொழி சொல்லவில்லை, நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

‘அடி வாங்கித்தான் உருப்பட்டோம்’ என்பதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. உங்களோடு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். உருப்பட்டவர்கள் மட்டும்தான் எழுதுகிறோம். நானும் அந்தக் கூட்டம்தான், விரல் முட்டியில் ஸ்கேலால் வாங்கியிருக்கிறேன்.

நானும் அடித்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. தொண்ணூறுகளில், வீட்டுப்பாடம் செய்யாமல் நோட்டைத் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொன்ன ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தேன். அவள் அம்மா மறுநாள் வந்து, ‘கண்ணு ரெண்டை விட்டுட்டு தோலை உரிங்க டீச்சர்’ என்று எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, உண்மைதான். அந்த வருடம் முடியும்வரை என் வகுப்பில் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. பிரம்பு நிறுத்தியது எது, கற்றுக்கொடுத்தது எது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

சட்டமும் நேற்று வந்ததில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி அடியை நிறுத்தினார்கள். 2009-இல் இயற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை வருத்துவதோடு மனசை வதைப்பதையும் தடை செய்கிறது, அதாவது ‘எருமை’, ‘மண்டு’ என்கிற நாக்கடியும் சேர்த்து. ஒன்றில் மட்டும் நீங்கள் சொல்வது சரி. பிரம்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதற்குப் பதில் கையில் எதைக் கொடுப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அதைப் பிள்ளைகள் மேல் காட்டாமல் பயிற்சி கொடுக்க வேண்டியவர்கள் மேல் காட்டலாம்.

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளிகளை 2023-இலிருந்து சிபிஎஸ்இ-க்கு மாற்றியதில் பாடம் முடிக்கவே நாள் போதவில்லை. இதில் வாசலில் நின்று வரவேற்க, பாராட்ட எல்லாம் நேரம் எங்கே?
- ஆசிரியர், அரியாங்குப்பம்

ஒரு பீரியடில் அமைதியாக்க மட்டும் ஐந்து நிமிடம் போகிறது என்று வையுங்கள். எட்டுப் பீரியடுக்கு 40 நிமிடம். தினமும் ஒரு பீரியடை ‘ஷ்ஷ்ஷ்’ என்று சொல்லியே கழிக்கிறோம் சார். ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர், அதட்டுகிற விதத்தில் ஏதாவது ரகசியம் இருக்கிறதா என்று வகுப்பு வகுப்பாகப் பார்த்து, அதில் ஒன்றும் பெரிதாக இல்லை என்றுதான் 1970-இல் எழுதினார். நல்ல வகுப்பின் ஆசிரியர் சேட்டை தொடங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறார், நம் பிள்ளைகள் பாஷையில் ‘டீச்சருக்கு முதுகுலயும் கண்ணு’. நாற்காலியை விட்டு எழுந்து வரிசைகளுக்கு நடுவில் நடந்தபடியே பாடம் நடத்துங்கள், அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பையன், ஒரு நிமிடம் உட்கார மாட்டான், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான், அடிக்கிறான். இது ஏடிஎச்டி-யாக (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) இருக்கும் என்று சக ஆசிரியை சொல்கிறார். பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?
- ஆசிரியை, வில்லியனூர்

அந்த நாலெழுத்தைப் பெற்றோரிடம் நீங்கள் சொல்லவே சொல்லாதீர்கள். அது மருத்துவர் சொல்ல வேண்டியது. அவர்களே ஆறு மாதமாவது நீடிக்கிறதா, பள்ளியில் மட்டுமா வீட்டிலுமா என்று எல்லாம் விசாரித்துத்தான் முடிவுக்கு வருவார்கள். ஏழு வயதுப் பையன் துறுதுறுவென்று இருப்பதே நோய் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது, அவர்களால் செய்ய முடியாதது, குறித்து வைப்பது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: அடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் இப்படி எழுதிப் பார்த்ததில், எல்லா அடியும் எழுதுகிற பாடத்தில்தான் நடக்கிறது, அடித்தவுடன் அவனை வெளியே நிறுத்துகிறார்கள், வெளியே நின்றால் எழுத வேண்டியதில்லை என்று தெரிந்தது. அப்புறம் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கரும்பலகையே அவனுக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. அதனால் முதலில் கண், காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். காலையில் சாப்பிட்டு வருகிறானா என்றும் கேளுங்கள், வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இதெல்லாம் பார்த்த பின்னும் வீட்டிலும் அப்படியே இருந்தால், அந்த நோட்டோடு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். ‘உங்க பையனுக்குப் பிரச்சினை’ என்று ஆரம்பிக்காமல், ‘இவன் உட்கார ரொம்பக் கஷ்டப்படுறான், அவனுக்கு எப்படி உதவலாம்னு கேட்டுட்டு வாங்க’ என்று சொன்னால் அம்மா கேட்பார். அதுவரை உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். கிள்ளுப்பட்ட பிள்ளையின் அம்மாவையும் மறந்துவிடாதீர்கள், அவரும் கேட்டுக்கொண்டு வருவார்.

கேள்வி: அஞ்சு பேர் பேசினா கிளாஸே முட்டி போடணும், கேம்ஸ் பீரியட் கட். பேசாதவன் ஏன் முட்டி போடணும்? அதுக்குப் பேசிட்டே முட்டி போடலாம் போல இருக்கு.
- பத்தாம் வகுப்பு மாணவன், முத்தியால்பேட்டை

தம்பி, உன் கடைசி வரியை எல்லா சாரும் டீச்சரும் படிக்கட்டும் என்றுதான் அப்படியே போட்டேன். நீ சொல்வது நியாயம். முட்டி போட வைப்பது, ஐந்து பேருக்கானாலும் வகுப்பு முழுவதற்கானாலும், கூடாது.

மேலே நெல்லிக்குப்பம் சாருக்கு நீங்களே அணி பிரிக்கச் சொன்னீர்களே என்று கேட்பாய். அந்த விளையாட்டில் தோற்றால் கூடுதலாகக் கிடைக்கிறது கிடைக்காது, அவ்வளவுதான். கேம்ஸ் பீரியட் கூடுதல் இல்லை, அது டைம்டேபிளில் உனக்கென்று போட்டிருப்பது. அதை எடுத்துப் பரிசும் கொடுக்கக் கூடாது, பிடுங்கவும் கூடாது.

இதை வகுப்பில் எழுந்து கேட்காதே. அந்த சாருக்கும் வகுப்பின் முன்னால் மானம் உண்டு. பெல் அடித்ததும் லீடரையும் இன்னும் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போய், ‘சார், பேசுறவங்கள நாங்களே பார்த்துக்கறோம், ஒரு வாரம் டைம் குடுங்க, கேம்ஸ் மட்டும் விடுங்க’ என்று கேள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், தினமும் கத்தி அவரும் களைத்துப் போயிருப்பார். முட்டி போடுவது நிற்காவிட்டால் வீட்டில் சொல், அப்பா அம்மா எச்.எம்.-மிடம் பேசட்டும். அதற்கும் மேலே போனால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

பொதுத்தேர்வு வருகிறது என்று கேம்ஸ் பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வதற்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை தம்பி. நானே நிறைய வாங்கியிருக்கிறேன்.